நீலத்துக்கு அடியில் ஒரு கடல்

"இந்தக் கதையைத்தான் ரெண்டு தடவை வாங்கி வச்சாச்சே, மூணாவது எதுக்கு?" என்று மனைவி கேட்டாள். கோபத்தில் கேட்கவில்லை. அலமாரியின் கீழ்த்தட்டைக் காலி செய்துகொண்டிருந்தேன், அதைப் பார்த்துவிட்டுத் தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். எனக்கு உடனே பதில் வரவில்லை. வரப்போகிற புத்தகம் பிரெஞ்சில் இருக்கிறது. அதில் ஒரு வரிகூட எனக்கு வாசிக்கத் தெரியாது. கதையோ தமிழிலும் ஆங்கிலத்திலும் படித்து மனப்பாடமான கதை. போதாததற்கு இந்தப் பதிப்பில் வண்ணமே கிடையாது. வண்ணத்தில் இரண்டு வைத்திருக்கிறவன் வண்ணமில்லாத ஒன்றுக்காக ஆறு மாதமாக நாள் எண்ணுகிறான் என்றால் யாருக்கும் கேட்கத்தான் தோன்றும். "பாட்டாவுக்காக" என்று மட்டும் அன்றைக்குச் சொன்னேன். தாத்தாவைத்தான் எங்கள் பக்கம் பாட்டா என்போம். அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. ஆனால் அப்படி ஒரு சொல்லில் முடிகிற விஷயமில்லை அது என்று எனக்குத் தெரியும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

கதை தோர்கல். காமிக்ஸ் படிக்கிறவர்களுக்கு அவனை அறிமுகம் செய்ய வேண்டாம். சிவகாசியிலிருந்து லயன்-முத்து காமிக்ஸ் வழியாக நம் வீட்டுக்கு வந்துவிட்டவன். கதை எழுதிய வான் ஹாமேயும் நமக்குப் பழக்கம்தான். 'இரத்தப் படலம்' என்று நாம் கொண்டாடிய கதை அவருடையது. வரைந்தவர் கிரெகோர்ஸ் ரோசின்ஸ்கி, போலந்துக்காரர். 1977-இல் டின்டின் வார இதழில் தொடங்கிய தொடர் இது. மந்திரம், தேவதைகள், வேறு உலகத்துக்குத் திறக்கும் கதவுகள், சாவிகளின் காவல்காரி எல்லாம் அதில் உண்டு. ஆனால் எனக்கு அது முதலில் ஒரு கடல் கதை. வழி தெரியாமல் கடலில் தவிக்கிற வைக்கிங் கப்பலுக்கு எங்கிருந்தோ ஒரு வெளிச்சம் வழிகாட்ட, அந்த வெளிச்சத்தைத் தேடிப் போனவர்கள் ஒரு பச்சைக் குழந்தையைக் கண்டெடுக்கிறார்கள். இடி தேவன் தோரின் பெயரையும் கடலை ஆளும் ஏகிரின் பெயரையும் சேர்த்து அந்தக் குழந்தைக்குத் தோர்கல் ஏகிர்சன் என்று பெயர் வைக்கிறார்கள். கடலின் மகன். பிறகு அவன் வளர்ந்து, மனைவி ஆரிசியாவோடும் பிள்ளைகளோடும் ஒரு கரையில் சும்மா இருந்தால் போதும் என்று ஆசைப்படுகிறான். அந்த ஒரு ஆசை மட்டும் அவனுக்கு நிலைக்கவே மாட்டேன் என்கிறது. கடற்கரை ஊரில் பிறந்த எனக்கு இது மாயாஜாலக் கதையாகவே படவில்லை. அப்படிப்பட்ட ஆட்கள் என் தெருவிலேயே நாலைந்து பேர் இருந்தார்கள்.

முட்டத்துக்கு மேற்கே எங்கள் ஊர். நான் இப்போது நாகர்கோவிலில் ஆஃப்செட் அச்சகம் வைத்திருக்கிறேன். கல்யாணக் கார்டு, கோயில் திருவிழா நோட்டீஸ், தேர்தல் வந்தால் சுவரொட்டி. சின்ன வயதில் வடசேரி பஸ் ஸ்டாண்டு கடையில் கயிற்றில் தொங்கும் முத்து காமிக்ஸை வாங்கித் திரும்பிப் போகிற பஸ்ஸிலேயே முடித்துவிடுவேன். இரும்புக்கை மாயாவி மின்சாரம் பாய்ந்து மறையும்போது கை மட்டும் தெரியுமே, அந்தக் கட்டத்தில் விரலை வைத்தால் விரலில் மை ஒட்டும். அந்த வயதில் நான் கதையைத்தான் பார்த்தேன், ஓவியர் போட்ட கோட்டைப் பார்க்கவில்லை. கோட்டைப் பார்க்க வேண்டும் என்று எனக்குக் காட்டிக்கொடுத்தவர், வாழ்நாளில் ஒரு காமிக்ஸ்கூடப் படிக்காத என் பாட்டா.

பாட்டா வைத்த விரல்

பாட்டா கட்டுமரத்தில் போனவர். பிறகு ஃபைபர் வள்ளம் வந்தது, அதிலும் போனார். கண்ணில் புரை விழுந்து ஆபரேஷன் ஆன பிறகு கடலுக்குப் போவதை நிறுத்திவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். திண்ணை கடலைப் பார்த்த திண்ணை. நான் ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனால் அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஏதாவது படித்துக்கொண்டிருப்பேன். பேச்சு அதிகம் இருக்காது. அவர் கடலைப் பார்ப்பார், நான் புத்தகத்தைப் பார்ப்பேன். ஒரு நாள் என் மடியில் தோர்கல் திறந்து கிடந்தது. பக்கத்தின் மேற்பாதியில் ஒரு கப்பல், சுற்றிலும் கடல்.

"இங்க கொண்டா மக்களே, பாப்போம்" என்றார்.

கொடுத்தேன். கண்ணிலிருந்து தூரமாகப் பிடித்தார், பிறகு பக்கத்தில் கொண்டுவந்தார். கப்பலைப் பார்க்கிறார் என்று நினைத்தேன். கப்பலின் பெயர் என்ன, அதில் இருப்பவர்கள் யார் என்று சொல்லத் தொடங்கினேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை. கப்பலை விட்டுவிட்டு, கட்டத்தின் வலது மூலையில், எழுத்தும் இல்லாத ஆளும் இல்லாத வெறும் கடலின் மேல் விரலை வைத்தார். மீன்முள் குத்திக் குத்திக் காய்த்துப்போன விரல், நகம் பாதி இல்லாத விரல். அந்த விரலை ஒரு அலையின் முதுகில் மெதுவாக நகர்த்தினார். அலை இறங்குகிற இடத்தில் விரலும் இறங்கியது, அடுத்த அலையில் ஏறியது.

"காத்து நிண்ணு போச்சு. கடல் இன்னும் நிக்கல, கேட்டியா" என்றார்.

எனக்குப் புரியவில்லை என்று முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார். காற்று அடிக்கும்போது அலையின் உச்சி உடைந்து நுரை பறக்கும், அலைக்கு மேல் குட்டி அலை ஓடும். காற்று விட்ட பிறகு அந்தக் குட்டி அலைகள் முதலில் அடங்கிவிடும். ஆனால் அடியில் கிளம்பிவிட்ட பெரிய அலைகள் உடனே அடங்காது. வழவழவென்று, உருண்டையாக, ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும். அதைத்தான் இவன் போட்டிருக்கிறான், உச்சியில் ஒரு சின்னக் கோடுகூட இல்லை பார் என்று விரலால் காட்டினார். நான் குனிந்து பார்த்தேன். அவர் சொன்னது சரி. நீளமான, வளைந்த கோடுகள் மட்டும். அந்தப் பக்கத்தை அதற்கு முன்னால் குறைந்தது பத்துத் தடவை பார்த்திருப்பேன். அங்கே வெறும் நீலம்தான் எனக்குத் தெரிந்திருந்தது.

அதோடு விட்டிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை. புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டே கொஞ்ச நேரம் யோசித்தார். அப்புறம் சொன்னார்: "கோடு போட்டவன் ஒருத்தன். நீலம் பூசினவன் வேற ஒருத்தன். கோடு போட்டவனுக்குக் கடல் தெரியும். மத்தவன் அதை மூடிட்டான்."

நான் மறுத்தேன். அப்படியெல்லாம் இல்லை பாட்டா, ஒரே ஆள் வரைந்ததுதான், அட்டையில் பெயர் போட்டிருக்கிறது என்றேன். அவர் வாதாடவில்லை. புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கடலைப் பார்க்கத் தொடங்கினார்.

நாலு பிளேட்

அச்சகக்காரனாக இருந்துகொண்டு அன்றைக்கு நான் அப்படி மறுத்தது எனக்கு இன்றுவரை உறுத்துகிறது. வண்ண அச்சு என்றால் நாலு பிளேட். சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு. கோடு இருப்பது கறுப்புப் பிளேட்டில். நீலம் வருவது பெரும்பாலும் சயானில், ஆழமான கடல் என்றால் கொஞ்சம் மெஜந்தாவும் சேரும். நீலம் எவ்வளவுக்கு எவ்வளவு அடர்த்தியாகிறதோ அவ்வளவுக்கு அதன் மேல் இருக்கும் மெல்லிய கறுப்புக் கோடு கண்ணிலிருந்து போய்விடும். கோடு அழியாது, அங்கேயேதான் இருக்கும். பின்னணி இருட்டாகிவிட்டதால் கண் அதைப் பிடிக்காது. கருநீலப் பட்டுப்புடவையில் கறுப்பு நூலால் பூவேலை செய்ததுபோல. வெயிலில் தூக்கிப் பிடித்தால்தான் தெரியும். பாட்டா திண்ணையில் உட்கார்ந்து அந்தப் பக்கத்தை மாலை வெயிலில்தான் பிடித்திருந்தார்.

பிறகு தேடிப் படித்தேன். பாட்டா சொன்னது அப்படியே சரி. அந்தக் காலத்து பிரெஞ்சு, பெல்ஜிய காமிக்ஸில் ஓவியர் மையில் வரைந்து முடித்ததும், அந்தப் படத்தை ஒரு தனித் தாளில் மங்கலான நீலத்தில் அச்சிடுவார்கள். வண்ணக்காரர் அந்தத் தாளில்தான் தீட்டுவார். கறுப்புக் கோடு அதில் இருக்காது, அது தனியாக ஒரு ஃபிலிமில் இருக்கும். அச்சில்தான் இரண்டும் ஒன்று சேரும். தோர்கலின் பழைய ஆல்பங்களில் வண்ணம் பெரும்பாலும் ரோசின்ஸ்கியின் கை இல்லை. ஆக இரண்டு தாள், இரண்டு கை. எந்தப் புத்தகமும் படிக்காமல், அச்சகத்தின் வாசலைக்கூட மிதிக்காமல், ஒரே ஒரு கட்டத்தின் மூலையைப் பார்த்துவிட்டு என் பாட்டா சொன்னது இது.

வண்ணம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கதை வேறு உலகத்துக்குள் போகும்போது வண்ணம்தான் நம்மைக் கைபிடித்துக் கூட்டிப்போகிறது. வானம் மஞ்சளாகிவிட்டது என்றால் ஏதோ சரியில்லை என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது, அதற்கு வசனமே வேண்டாம். வண்ணம் போட்டவர்களின் உழைப்பைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனசு வராது, நானும் நாள் முழுக்க மையோடு இருப்பவன். பிற்காலத்தில் ரோசின்ஸ்கியே தூரிகையை எடுத்துவிட்டார். 2006-இல் வந்த 29-ஆவது ஆல்பத்திலிருந்து ஒவ்வொரு கட்டத்தையும் ஓவியமாகவே தீட்டினார், கோடும் நிறமும் ஒரே கை. அவை அழகானவை. ஆனால் அங்கே கோடு நிறத்துக்குள் கரைந்துவிட்டது. விடியற்காலை மூடுபனியில் கடலைப் பார்ப்பதுபோல இருக்கிறது. பாட்டாவின் விரல் அங்கே எந்த அலையின் முதுகிலும் ஏறி இறங்க முடியாது.

ஒரு தடவை நானே அந்தக் கோட்டைப் பிடிக்கப் பார்த்தேன். ஒரு ராத்திரி, வேலை எல்லாம் முடிந்த பிறகு, அந்தப் பக்கத்தை 1200 டிபிஐ-யில் ஸ்கேன் செய்து, ஃபோட்டோஷாப்பில் நாலு வண்ணமாகப் பிரித்து, கறுப்பை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அணைத்தேன். கோடு வந்தது, ஆனால் கூடவே புள்ளிகளும் வந்தன. அச்சான பக்கத்தில் நிறம் என்பது புள்ளிகள்தான். அந்தப் புள்ளிகளில் பாதி கறுப்பு என்று கணினி எடுத்துக்கொண்டது. அலையின் முதுகு முழுக்கப் பொரிப்பொரியாக, சொறி பிடித்த மாதிரி. புள்ளியைக் குறைத்தால் கோடும் கூடவே போகிறது. இரண்டு மணி வரை உட்கார்ந்து பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். ஒருமுறை சேர்ந்த மையைப் பிரிக்க முடியாது. பிரியாமல் அச்சானது வேண்டும்.

இன்னொரு விஷயமும் என்னை விடாமல் குடைந்துகொண்டிருந்தது. "கோடு போட்டவனுக்குக் கடல் தெரியும்" என்றாரே, ரோசின்ஸ்கி எந்தக் கடற்கரைக்காரர் என்று பார்த்தேன். 1941-இல் ஸ்டலோவா வோலா என்ற ஊரில் பிறந்தவர். வரைபடத்தை எடுத்துப் பார்த்தால் அது போலந்தின் தென்கிழக்கில், சான் ஆற்றங்கரையில் இருக்கிற இரும்பாலை ஊர். பால்டிக் கடல் நாட்டின் அந்தக் கோடியில். படித்தது வார்சாவில், அதுவும் உள்நாடு. 1981 டிசம்பரில் போலந்தில் ராணுவச் சட்டம் வந்த பிறகு பெல்ஜியத்துக்குப் போனார். கடல் ஊரில் பிறக்காத ஒருவர், காற்று நின்ற பின் அடங்காத கடலை எங்கே பார்த்தார்? எப்போதாவது ஒரு கரையில் ரொம்ப நேரம் நின்று பார்த்திருப்பார் என்று நினைத்துக்கொள்கிறேன். அல்லது பாட்டா தனக்குத் தெரிந்த கடலை அந்தக் கோட்டில் பார்த்திருக்கலாம். இரண்டில் எது என்று முடிவு செய்ய, நீலம் இல்லாமல் அந்தக் கட்டத்தை ஒருமுறையாவது பார்த்தாக வேண்டும்.

டிசம்பர் 1

2017 நவம்பர் 30, வியாழக்கிழமை. ஒக்கி புயல் அடித்த நாள். நம் மாவட்டத்தில் யாருக்கும் அந்தத் தேதியைச் சொல்ல வேண்டாம். நாகர்கோவிலில் மரங்களும் மின்கம்பங்களும் ரோட்டில் கிடந்தன. மறுநாள் காலையில் பைக்கை அங்கங்கே தூக்கித் தூக்கி வைத்து ஊருக்குப் போய்ச் சேர்ந்தேன். கரையில் பெண்கள் நின்றார்கள். யாரும் சத்தம் போடவில்லை. காற்று அறவே இல்லை. வெயில் சுள்ளென்று அடித்தது. பாட்டா ஒரு கவிழ்த்துப் போட்ட வள்ளத்தின் மேல் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். என்னைப் பார்க்காமலே சொன்னார்: "காத்து நிண்ணு போச்சு. கடல் இன்னும் நிக்கல."

கடலைப் பார்த்தேன். உச்சியில் நுரை இல்லை. வழவழவென்று, உருண்டையாக, ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தது. அந்தக் கட்டத்தின் வலது மூலை அப்படியே கண் முன்னால். நாற்பது வருஷம் கடற்கரையில் வளர்ந்த எனக்கு, ஒரு போலந்துக்காரர் போட்ட கோட்டிலிருந்துதான் அந்தக் கடலைப் படிக்கத் தெரிந்தது. வெயிலையும் காற்றில்லாததையும் வைத்து, ஆபத்து போய்விட்டது என்று நினைத்திருப்பேன். போகவில்லை என்று அந்த அலைகள் சொல்லிக்கொண்டிருந்தன.

எங்கள் ஊரில் போனவர்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள், சிலர் பல நாள் கழித்து, வேறு வேறு கரைகளிலிருந்து. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை பக்கம் எத்தனையோ வீடுகளுக்கு ஆள் திரும்பவில்லை. அதன் பிறகு ரொம்ப நாள் தோர்கலைத் திறக்க என்னால் முடியவில்லை. தவிக்கிற கப்பலுக்கு ஒரு வெளிச்சம் தெரிகிறதே, அந்த இடம் வந்தால் மூடிவிடுவேன். அந்த வெளிச்சம் இங்கே எத்தனை பேருக்குத் தெரியாமல் போனது என்ற நினைப்பு வந்துவிடும். பாட்டா இரண்டு வருஷம் கழித்துத் தவறிவிட்டார். அடக்கம் முடிந்து வந்த அன்று ராத்திரி, தூக்கம் வராமல், அந்தப் புத்தகத்தை எடுத்து அந்த மூலையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். டியூப்லைட் வெளிச்சத்தில் நீலம்தான் தெரிந்தது.

கப்பலில் வருகிற புத்தகம்

சித்தப்பா மகன் கெமிக்கல் டேங்கர் கப்பலில் ஏபி-யாக, அதாவது மாலுமியாக, இருக்கிறான். ஜூன் மாதம் கப்பல் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் நின்றபோது, "அண்ணா, இங்கதானே ஒங்க காமிக்ஸ் எல்லாம்? ஏதாவது வேணுமா?" என்று வாய்ஸ் மெசேஜ் போட்டான். தோர்கலின் பழைய கதைகளைத் தொகுத்து, மை மட்டும் தெரிகிற மாதிரி, கறுப்பு வெள்ளையில் அச்சிட்ட பதிப்பு பிரெஞ்சில் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். எந்தக் கதை உள்ள தொகுதி என்று எழுதி அனுப்பினேன். அவனுக்கு ஒரு நாள்தான் இறங்கிப் போக அனுமதி. தூங்குவதை விட்டுவிட்டு ரயில் ஏறி பிரஸ்ஸல்ஸ் போய், மூன்று கடை ஏறி இறங்கி, வாங்கிவிட்டான். அட்டையைப் படம் பிடித்து அனுப்பினான். கேபின் லைட்டில் மஞ்சளடித்த படம். "உள்ள பக்கமும் எடுத்து அனுப்பட்டா?" என்றான். வேண்டாம் என்றேன். ஃபோன் திரையில், கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வைத்துப் பெரிதாக்கி அந்த அலையை முதல் தடவை பார்க்க எனக்கு விருப்பமில்லை. அவனுக்கும் ஒரு வேலை வைத்தேன். நீயும் அந்தக் கடலைப் பாரு, ஆனா எங்கிட்ட எதுவும் சொல்லாதே என்றேன். சொல்லவில்லை. தம்பி நல்லவன்.

அன்றிலிருந்து ஆறு மாதம். கான்ட்ராக்ட் முடிந்து டிசம்பரில் சிங்கப்பூரில் சைன் ஆஃப் செய்து கப்பலிலிருந்து இறங்குகிறான், கிறிஸ்துமஸுக்கு வீட்டில் இருப்பான். இந்தக் காத்திருப்பு எனக்குப் பழைய ஒன்றை ஞாபகப்படுத்துகிறது. சின்ன வயதில் அடுத்த இதழ் எப்போது வரும் என்று வடசேரிக் கடைக்காரரிடம் கேட்டுக் கேட்டு அவர் எரிச்சல்படுவாரே, அந்தக் காத்திருப்பு. அப்போது அடுத்து என்ன நடக்கும் என்று தெரிய வேண்டியிருந்தது. இப்போது என்ன நடக்கும் என்று முழுக்கத் தெரியும். தெரிந்த பக்கத்தில் தெரியாத ஒன்று இருக்கிறது என்பதும் தெரியும். இது அதைவிடக் கஷ்டமாக இருக்கிறது, அதைவிட நன்றாகவும் இருக்கிறது.

என் கவலை ஒன்று உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். கறுப்பு வெள்ளையில் பார்க்கும்போது அந்த மூலையில் நுரைக்கோடு இருந்துவிட்டால்? நீலத்தில் மறைந்துபோனதால்தான் இல்லை என்று பாட்டா நினைத்திருந்தால்? அப்போது காற்று நிற்கவில்லை என்று ஆகும். பல நாள் இதை யோசித்தேன். அப்படி இருந்தாலும் டிசம்பர் 1 காலையில் கரையில் அவர் சொன்னது மாறாது, அந்தக் கடலை நான் என் கண்ணால் பார்த்தேன். ஆனாலும் இருக்கக் கூடாது என்றுதான் மனசு கிடந்து அடிக்கிறது.

மனைவியிடம் இதையெல்லாம் ஒரு ராத்திரி முழுசாகச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "நாகர்கோவில் வீட்டுல வச்சுத் திறக்காதீங்க. ஊர்ல போயி, திண்ணையில வச்சுத் திறங்க. சாயங்காலமா" என்றாள். அலமாரியின் கீழ்த்தட்டு அப்படியே காலியாக இருக்கிறது. முதலில் திண்ணை, அப்புறம்தான் அலமாரி.

போன சனிக்கிழமை ராத்திரி ஊரில் இருந்தேன். பத்து மணி வாக்கில் தம்பியிடமிருந்து மெசேஜ் வந்தது: "அண்ணா, நேத்து மினிக்காய் தாண்டியாச்சு. இப்ப நம்ம ஊருக்குத் தெக்கே போயிட்டிருக்கோம். புத்தகம் எனக்க பங்க்குக்கு அடியில பத்திரமா இருக்கு." எழுந்து வெளியே வந்தேன். முட்டம் விளக்கு சுற்றிக்கொண்டிருந்தது. கப்பல் போகிற தூரத்துக்கு இங்கிருந்து எதுவும் தெரியாது. இருந்தாலும் திண்ணையில் பாட்டா உட்காரும் இடத்தில் உட்கார்ந்து, தெற்கே பார்த்துக்கொண்டிருந்தேன்.